புதியவரே விருந்து

உரைநடை உலகம்

நுழையும்முன்

பிழைக்க வழியின்றியும் உயிருக்கு அஞ்சியும் மேலான வாழ்வை நாடியும் மனிதர் இடம்பெயர்கின்றனர். அவ்வாறு வருவோரை ஏற்பதா, ஒதுக்குவதா என்னும் வினா இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. வெளியே சென்ற மக்களையும் வெளியிலிருந்து வந்த மக்களையும் ஒருசேர அறிந்தது தமிழ்நிலம். அதன் வறண்ட தென்பகுதியான கரிசல் நாட்டின் பட்டறிவிலிருந்து இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

கரிசல் காட்டில் ஒரு புதிய வாயில்

விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு கிடையாது. குண்டாறு மழைக்காலத்தில் மட்டுமே பெருகும். கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியே நிறையும். பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் மல்லியும் இம்மண்ணின் பயிர்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதும், பிழைப்புத் தேடி வெளியூர் செல்வதும் இங்குள்ள சிற்றூர்களின் நெடுநாள் வழக்கம். ஊரைவிட்டுச் செல்லும் பாதை இம்மக்களுக்கு நன்கு பழக்கமானது.

இப்போது அப்பாதை எதிர்த்திசையிலும் திறக்கிறது. 2023ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று, நாட்டின் ஏழு மாநிலங்களில் ஒருங்கிணைந்த பெரும் ஜவுளிப் பூங்காக்கள் அமையும் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. அவற்றுள் தமிழ்நாட்டுக்கு உரியது விருதுநகர் மாவட்டத்தின் குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கர் பரப்பில் அமைகிறது. இத்தகைய பூங்கா ஒவ்வொன்றும் நேரடியாக ஓர் இலட்சம் பேருக்கு வேலை தரும் என்பது அரசின் மதிப்பீடு. நூற்பு, நெசவு, சாயமிடல், ஆடை தைத்தல் எனப் பல தொழில்கள் ஓரிடத்தில் கூடும்போது, உள்ளூர் இளைஞர்களுடன் பிற மாவட்டத்தவரும் பிற மாநிலத்தவரும் வேலை தேடி வருவர். இதுகாறும் மக்களை வழியனுப்பியே பழகிய கரிசல் நிலம் இனி மக்களை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு அந்நிலம் ஆயத்தமாக உள்ளதா? இவ்வினாவுக்கான விடை கட்டடங்களிலும் சாலைகளிலும் மட்டும் இல்லை. அங்கு வாழும் மக்களின் மனநிலையிலும் உள்ளது.

சொல் காட்டும் நெறி

இன்று 'விருந்து' என்றதும் உறவினரும் உணவும் நினைவுக்கு வருகின்றன. அச்சொல்லின் பழம்பொருளோ வேறு. 'விருந்து' என்றால் புதுமை. தொல்காப்பியம் புதுவகை இலக்கிய ஆக்கத்தைக் குறிக்கவும் இச்சொல்லையே ஆள்கிறது. ஆகவே விருந்தினர் என்போர் முன்பின் அறியாத புதியவர். உறவினரைப் போற்றுவது சுற்றந்தழால். அறியாதவரைப் போற்றுவதே விருந்தோம்பல். இரண்டையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்துக் காட்டினார் திருவள்ளுவர்.

திருக்குறளின் அதிகார வரிசையும் எண்ணத்தக்கது. அன்புடைமைக்குப் பின் விருந்தோம்பல். விருந்தோம்பலுக்குப் பின் இனியவைகூறல். அதன்பின் செய்ந்நன்றி அறிதல். உள்ளத்தில் பிறக்கும் அன்பு புதியவரை ஏற்பதில் செயலாகிறது. அச்செயல் இன்சொல்லால் நிறைவு பெறுகிறது. ஏற்கப்பட்டவரிடம் நன்றியாக மலர்கிறது. உணவளித்துவிட்டு இழிசொல் கூறுவது விருந்தோம்பல் ஆகாது என்பதை இவ்வரிசையே உணர்த்துகிறது.

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில், தத்தம் நாடுகளை விட்டு வந்த வெவ்வேறு மொழியினர் ஊராருடன் ஒன்றிப் பழகி வாழ்ந்தனர். அந்நகரில் யவனருக்குத் தனி இருப்பிடங்கள் இருந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. துறைமுக நகரின் செல்வம் புதியவரின் வருகையோடு பிணைந்தது என்பதைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர்.

எனினும் தமிழ் இலக்கியம் இன்முகத்தை மட்டும் பதிவு செய்யவில்லை. பிழைப்புத் தேடி மதுரைக்கு வந்த புதியவர்களே கோவலனும் கண்ணகியும். ஆயர்குலப் பெண்ணான மாதரி அவர்களை ஏற்று, மனையும் உணவும் தந்தாள். அடுத்த நாளே அந்நகரின் பொற்கொல்லன் ஒருவன் தன் களவை மறைக்கக் கோவலன்மீது பழி சுமத்தினான். அவன் யார், எங்கிருந்து வந்தான், உண்மை என்ன என்று எவரும் ஆராயவில்லை. புதியவனுக்காகச் சான்று கூற அந்நகரில் அறிமுகமானவர் எவரும் அங்கு இல்லை. நூலில் அடைக்கலக் காதைக்கு அடுத்ததாகவே கொலைக்களக் காதை அமைந்திருக்கிறது. ஒரே நகரில் ஓர் எளிய பெண் அடைக்கலம் தந்தாள். அரசனோ ஆராயாமல் தண்டித்தான். புதியவர் எவருக்கும் இவ்விரண்டும் நேரக்கூடும் என்பதையும், ஆராயாத பழிச்சொல்லே அவர்களுக்கு முதற்பகை என்பதையும் இக்காப்பியம் என்றைக்கும் நினைவூட்டுகிறது.

கரிசலில் குடியேறியோர்

கரிசல் நிலத்தின் மக்கள்தொகையே பல குடியேற்றங்களால் ஆனது. விசயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கும் கன்னடமும் பேசும் மக்கள் தெற்கு நோக்கி வந்து இப்பகுதிகளில் குடியமர்ந்தனர். காடு திருத்தி உழவு செய்தோரும் உண்டு. தறியமைத்து நெசவு செய்தோரும் உண்டு. அருப்புக்கோட்டையின் நெசவுத் தொழில் வளர்ச்சியில் தேவாங்கர் சமூகத்தினருக்குப் பெரும் பங்குண்டு. வீட்டில் ஒரு மொழியும் வீதியில் தமிழுமாக வாழ்ந்து, கல்வி நிறுவனங்களையும் அவர்கள் இங்கு உருவாக்கினர்.

இக்குடியேற்ற வரலாற்றை இலக்கியமாக்கியவர் கி. ராஜநாராயணன். ஆபத்துக்கு அஞ்சித் தாய்நிலத்தை விட்டுத் தெற்கே வந்த தெலுங்கு மக்கள், முட்காட்டைத் திருத்தி ஊர் அமைத்த கதையைச் சொல்கிறது அவருடைய 'கோபல்ல கிராமம்'. அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. கரிசல் வட்டாரத் தமிழின் தலைசிறந்த எழுத்தாளராக இன்று போற்றப்படுபவர், குடியேறி வந்த மக்களின் வழித்தோன்றல் என்பது கருதத்தக்கது. வந்தவர் மொழியை அழித்துவிடுவர் என்னும் அச்சத்துக்கு, அவர் எழுத்துகளே விடை. புதியவராக வந்தோரின் பேரப்பிள்ளைகள் அம்மண்ணின் மொழிக்கே குரலானார்கள்.

கடல் கடந்தோர்

வந்தோர் வரலாற்றைப் போலவே, சென்றோர் வரலாறும் நெடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மலைநாட்டில் காப்பித் தோட்டங்களும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களும் எழுந்தன. பருவமழை தவறிய தென்மாவட்டங்களிலிருந்து மக்கள் கங்காணிகளின் அழைப்பை நம்பிப் புறப்பட்டனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் இப்பெயர்ச்சியை மேலும் பெருக்கியது. பர்மாவின் நெல்வயல்களுக்கும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் கப்பலேறியோர் பல்லாயிரவர்.

இராமேசுவரம் செல்லும் வழியில் உள்ள மண்டபத்தில், இலங்கைக்குச் செல்லும் தொழிலாளரை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்துச் சோதிக்கும் முகாம் இருந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழரைப் பதிவு செய்து தங்கவைக்கும் முகாமும் அதே மண்டபத்தில்தான் இயங்கியது. சென்றவரும் வந்தவரும் ஒரே மணற்பரப்பில் காத்திருந்தனர்.

சென்ற நாடுகளில் அவர்கள் உழைப்பு வரவேற்கப்பட்டது. அவர்கள் இருப்பு எப்போதும் வரவேற்கப்படவில்லை. பொருளாதாரம் நலிந்த காலங்களில் உள்ளூராரின் சினம் புதியவர்மீதே திரும்பியது. பர்மாவில் 1930இலும் 1938இலும் இந்தியருக்கு எதிரான கலவரங்கள் வெடித்தன. 1942இல் சப்பானியப் படையெடுப்பின்போது நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அந்நாட்டைவிட்டு வெளியேறினர். மலைகளையும் காடுகளையும் நடந்தே கடந்தவர்களுள் பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டனர். 1962இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, வணிக நிறுவனங்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்ட பின்னர் மேலும் பல இலட்சம் பேர் உடைமைகளை இழந்து திரும்பினர். தமிழ்நாட்டு நகரங்களில் இன்றும் வழங்கும் 'பர்மா காலனி', 'பர்மா பஜார்' என்னும் பெயர்கள் அந்தத் துயரத்தின் சுவடுகள்.

இலங்கையில் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்றும் முடிவு செய்தது. நான்கு தலைமுறையாகத் தேயிலை பறித்த மலையை விட்டுப் பிரிந்தோர், அவர்கள் ஒருபோதும் கண்டிராத 'தாயகத்துக்கு'த் திரும்பினர். இலங்கையில் 'இந்தியர்' எனப்பட்டவர்கள், இங்கு வந்தபின் 'சிலோன்காரர்' எனப்பட்டனர். ஒரு மனிதரை எந்த ஊரும் தன்னவராகக் கருதாத நிலையின் கொடுமை இவ்விரு பெயர்களில் அடங்கியுள்ளது. அவர்களுக்கு வாழ்வளிக்க நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன. சலுகையாக அன்றி வேலையாக அளிக்கப்பட்ட அந்த வாய்ப்பு, மறுவாழ்வுக்கான சிறந்த வழிகளுள் ஒன்று.

தெரிந்து தெளிவோம்

ஏதிலி (அகதி): இனம், சமயம், நாட்டினம், சமூகப் பிரிவு, அரசியல் கருத்து ஆகியவற்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்னும் தக்க அச்சத்தால் தாய்நாட்டை விட்டு வெளியேறியவர். 1951ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை இவ்வாறு வரையறுக்கிறது. இவ்வுடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை.

நாடற்றோர்: எந்த நாடும் தன் குடிமக்களாக ஏற்காதவர்.

தாயகம் திரும்பியோர்: அயல்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தின்படியோ நெருக்கடியாலோ முன்னோர் நாட்டுக்கு மீண்டவர்.

புலம்பெயர் தொழிலாளர்: வேலைக்காகத் தம் ஊரையோ மாநிலத்தையோ நாட்டையோ விட்டு வேறிடம் சென்று வாழ்பவர்.

அடைக்கலம் தேடி வந்தோர்

1983ஆம் ஆண்டு சூலையில் இலங்கையில் நிகழ்ந்த இனக்கலவரத்தைத் தொடர்ந்து, தமிழர் பாக் நீரிணையைக் கடந்து தமிழ்நாட்டை அடைந்தனர். அவ்வாண்டு முதல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்ததாகத் தமிழ்நாடு அரசு 2021இல் தெரிவித்தது. பலர் மீண்டும் நாடு திரும்பினர். சிலர் வேற்றுநாடுகளுக்குச் சென்றனர். 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி 108 முகாம்களில் சுமார் 58,800 பேர் வாழ்ந்தனர். அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள குல்லூர்சந்தை போன்ற கரிசல் ஊர்களிலும் முகாம்கள் அமைந்தன. கடலோரத்தில் மீன்பிடித்தும், பனையும் தென்னையும் சூழ்ந்த தோட்டங்களில் பயிரிட்டும் வாழ்ந்தவர்கள் நீரற்ற கரிசலில் புதுவாழ்வைத் தொடங்கினர்.

தொடக்கத்தில் அவர்களைத் தமிழ்நாட்டு மக்கள் உணர்வோடு ஏற்றனர். 1991ஆம் ஆண்டு மே மாதம் முன்னாள் தலைமை அமைச்சர் இராஜீவ் காந்தி திருப்பெரும்புதூரில் படுகொலை செய்யப்பட்ட பிறகு நிலை மாறியது. ஒரு வன்செயலின் பழி, அதனோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத குடும்பங்கள்மீதும் ஐயப்பார்வையாகப் படர்ந்தது. முகாம் மாணவர்கள் பெற்றுவந்த கல்வி வாய்ப்புகள் தடைப்பட்டன. போரிலிருந்து தப்பி வந்த சிறுவர்கள், போரை நடத்தியவர்களின் செயலுக்காகப் பள்ளிக்கு வெளியே நிற்க நேர்ந்தது. ஒருவர் குற்றத்துக்காக ஓர் இனத்தையே ஐயுறுவது எத்தகைய அநீதி என்பதற்கு, தமிழ் மண்ணிலேயே கிடைத்த சான்று இது.

அந்நிலையை மாற்றப் பலர் உழைத்தனர். எஸ்.சி. சந்திரஹாசன் 1984இல் தோற்றுவித்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அவர்களுள் முன்னின்றது. ஏதிலியரே நடத்திய அவ்வமைப்பு கல்வியை முதன்மைப் பணியாகக் கொண்டது. வாய்ப்புகள் படிப்படியாக மீண்டன. முகாம்களிலிருந்து பட்டதாரிகள் உருவாயினர். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில், முகாம்களில் 7,469 புதிய வீடுகள் கட்டுவது உள்ளிட்ட பணிகளுக்காக 317.40 கோடி ரூபாய்க்கான திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 'அகதிகள் முகாம்' என்னும் பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. பெயர்மாற்றம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் 'அகதி' என்னும் சொல்லுக்குப் 'புகலிடம் அற்றவர்' என்பது பொருள். நாற்பதாண்டு வாழ்ந்தபின்னும் புகலற்றவர் என்றே அழைக்கப்படுவதன் வலியை, அழைக்கப்பட்டவரே அறிவர்.

தீராத ஒரு வினாவும் எஞ்சியுள்ளது. 1987ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாளுக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகராவர். அதன்பின் பிறந்தவர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகராக இருத்தல் வேண்டும். இதனால் இங்கேயே பிறந்து, இங்கேயே பயின்று, தமிழ்நாட்டைத் தவிர வேறு நிலத்தைக் கண்டறியாத முகாம் இளைஞர் பலர் குடியுரிமை இன்றி வாழ்கின்றனர். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோருக்கு மட்டுமே பொருந்தும். இலங்கைத் தமிழர் அதனுள் வரவில்லை. 1987க்கு முன் முகாமில் பிறந்த பெண் ஒருவர், நீதிமன்றத்தை நாடித் தம் உரிமையை நிலைநாட்டி, 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். நாடெங்கும் கோடிக்கணக்கானோர் இயல்பாகச் செய்யும் செயலுக்காக அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காத்திருந்தார். அவருக்குப் பின் பிறந்தோர் இன்னும் காத்திருக்கின்றனர்.

வதந்தியும் வாழ்வும்

ஏதிலியர் எல்லை கடந்து வந்தோர். பிற மாநிலத் தொழிலாளரோ இந்நாட்டின் குடிமக்கள். நாடெங்கும் சென்றுவரவும் எப்பகுதியிலும் வாழவும் அரசமைப்பின் 19ஆம் கூறு அவர்களுக்கு உரிமை அளிக்கிறது. கோவை, திருப்பூர், சென்னை நகரங்களின் தொழிற்கூடங்களிலும் கட்டுமானப் பணிகளிலும் உணவகங்களிலும் பீகார், ஒடிசா, சார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் மாநிலத்தவர் பெருமளவில் உழைக்கின்றனர்.

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கிக் கொல்லப்படுவதாகக் காணொலிகள் பரவின. வேறு நிகழ்வுகளின் காட்சிகளைப் பொய்யாகப் பொருத்திப் பரப்பியவை அவை. தமிழ்நாடு காவல்துறை உடனே மறுப்பு வெளியிட்டு, தொழிலாளருக்கான உதவி எண்களை அறிவித்தது. பீகாரிலிருந்து வந்த அதிகாரிகள் குழு தொழிலாளர்களை நேரில் சந்தித்து, அச்சத்துக்கு அடிப்படை இல்லை என அறிந்தது. எனினும் அதற்குள் அச்சம் பல குடும்பங்களை எட்டியிருந்தது. தொலைவில் இருந்த தாய்மார்கள் தம் பிள்ளைகளைத் திரும்பி வருமாறு அழைத்தனர். குமாரலிங்கபுரத்துப் பூங்கா அறிவிக்கப்பட்டதும் அதே மாதத்தில்தான். ஒருபுறம் புதியவரை அழைக்கும் அறிவிப்பு. மறுபுறம் புதியவரை அஞ்சி ஓடச்செய்யும் பொய். கோவலன் காலத்தில் ஒரு பொற்கொல்லனின் நாவிலிருந்து பிறந்த பழி, இக்காலத்தில் ஒரு விரல் அசைவில் பல்லாயிரம் கைப்பேசிகளைச் சென்றடைகிறது.

அப்பொய் எளிதில் நம்பப்பட்டதற்கும் ஒரு காரணம் உண்டு. பிற மாநிலத்தவரை ஊர்ப்பெயராலும் திசைப்பெயராலும் இகழ்ந்து பேசும் கேலிகளும் துணுக்குகளும் ஏற்கெனவே உலவி வந்தன. தாக்குதல் பொய்யானது, இழிசொல் பொய்யன்று. இகழ்ச்சி வழங்கும் இடத்தில் வன்முறை பற்றிய வதந்தி விரைந்து வேர்கொள்ளும்.

அச்சத்தை ஆராய்தல்

புதியவரின் வருகையால் தம் வேலை பறிபோகும், கூலி குறையும், வாடகை உயரும் என உள்ளூர்த் தொழிலாளர் அஞ்சுவதுண்டு. இவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் தகாது. குமாரலிங்கபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் இளைஞர்கள், தங்கள் மண்ணில் எழும் தொழிற்கூடங்களில் தங்களுக்கு இடம் கிடைக்குமா என்று கேட்பது நியாயமே. அவர்களுக்குத் தொழிற்பயிற்சியும் முன்னுரிமையும் அளிப்பது திட்டமிடுவோரின் கடமை.

ஆனால் கூலி ஏன் குறைகிறது என்பதை ஆராய வேண்டும். மொழி தெரியாத, உறவினர் துணையற்ற, முறையிடும் இடம் அறியாத தொழிலாளிக்குக் குறைந்த கூலி கொடுத்து நீண்டநேரம் வேலை வாங்க இயலும். அத்தகைய உழைப்பு கிடைக்கும் வரை உள்ளூர்த் தொழிலாளியின் கூலியும் உயராது. ஆகவே கூலியைக் குறைப்பது புதியவரின் வருகையன்று, புதியவரின் பாதுகாப்பின்மை. இடைத்தரகர் வழியாக வரும் பிற மாநிலத் தொழிலாளருக்கு, அதே வேலையைச் செய்யும் உள்ளூர்த் தொழிலாளருக்கு இணையான கூலி வழங்க வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் வகுத்தது. இக்கோட்பாடு முழுமையாக நடைமுறைக்கு வருமானால் இருவரும் பயன்பெறுவர். புதியவருக்கு நீதி கிடைக்கும்; பழையவருக்குக் கூலி காக்கப்படும். வெறுப்போ இருவரையும் பிரித்து, இருவரின் கூலியையும் குறைப்பவருக்கே துணைசெய்யும்.

கடல் நடுவே ஒரு கை

2024ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் போராலும் துன்புறுத்தலாலும் வலிந்து இடம்பெயர்க்கப்பட்டோர் ஏறத்தாழ 12 கோடியே 30 இலட்சம் பேர் என ஐக்கிய நாடுகள் அவையின் ஏதிலியர் ஆணையம் கணக்கிட்டது. நாட்டின் எல்லையைக் கடந்த ஏதிலியருள் ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு இடமளித்திருப்பவை குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் உடைய நாடுகள். கொடுக்கும் மனம் செல்வத்தின் அளவைப் பொறுத்ததன்று.

தமிழர் இவ்வுண்மையைத் தம் வாழ்வில் கண்டவர்கள். 1986ஆம் ஆண்டு ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடற்கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர் தத்தளித்தனர். மூடுபனிக்கிடையே அவர்களைக் கண்டவர் கஸ் டால்டன் என்னும் மீனவர். அவரும் பிற மீனவரும் சேர்ந்து அனைவரையும் காப்பாற்றினர். தாங்கள் புறப்பட்ட நாட்டைப் பற்றி அவர்கள் அச்சத்தால் உண்மையை மறைத்தது பின்னர்த் தெரியவந்தபோது, கனடாவில் சிலர் சினந்தனர். எனினும் அவர்கள் அங்கு வாழ இசைவு பெற்றனர். இன்று அந்நாட்டின் தமிழ்ச் சமூகம் உலகின் பெரிய புலம்பெயர் தமிழ்ச் சமூகங்களுள் ஒன்று. 2010இல் 492 தமிழருடன் மற்றொரு கப்பல் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தபோது, பலர் பல மாதங்கள் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டனர். நாடு ஒன்றே; வந்தோரும் ஒரே மக்களே. வேறுபட்டது அக்காலத்தின் மனநிலை. ஒரு நாட்டின் விருந்தோம்பல் நிலையான இயல்பன்று; ஒவ்வொரு தலைமுறையும் அதை மீண்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விருந்தோம்பலின் நடைமுறை

ஒரு வேளை உணவு அளிப்பதோடு விருந்தோம்பல் முடிவதில்லை. வேலை செய்யும் இடத்தில் பெயர் பதிவாதல், உரிய கூலி உரிய நாளில் கிடைத்தல், காற்றோட்டமும் கழிப்பறையும் உள்ள தங்குமிடம், சொந்த மாநிலக் குடும்ப அட்டையைக் காட்டி நியாயவிலைக் கடையில் பொருள் பெறுதல், நோயுற்றால் மருத்துவமனையில் தன் நோயை விளக்க ஒரு மொழித்துணை, பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியில் இடம் – இவையே இக்கால விருந்தோம்பலின் உறுப்புகள். இவை கொடையல்ல, உரிமைகள். குடிமகர் அல்லாதாருக்கும் உயிர்வாழும் உரிமையை அரசமைப்பின் 21ஆம் கூறு அளிக்கிறது என்பதை, சக்மா மக்கள் தொடர்பான 1996ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியவை இவை என்றால், ஊராரும் மாணவரும் செய்யக்கூடியவையும் பல. கேட்ட செய்தியை ஆராயாமல் பகிராதிருத்தல் முதற்கடமை. ஊர்ப்பெயராலோ நிறத்தாலோ மொழியாலோ அன்றி, ஒருவரை அவருடைய பெயரால் அழைத்தல் அடுத்தது. வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிறமொழி மாணவருக்குத் தமிழ் எழுத்துகளைச் சொல்லித்தருவதும், அவர் மொழியில் நான்கு சொற்களைக் கற்றுக்கொள்வதும் எளிய செயல்கள். தமிழ் கற்றுத் தருவதைவிடத் தமிழுக்கு ஆற்றும் சிறந்த தொண்டு வேறில்லை. மொழியைக் காப்பது என்பது அதைப் பேசுவோரின் எண்ணிக்கையைப் பெருக்குவதுமாகும்.

குண்டாற்றங்கரையில் மழைக்காகக் காத்திருந்து, காத்திருந்து, இலங்கைக்கும் பர்மாவுக்கும் சென்ற ஒரு தலைமுறை உண்டு. அவர்கள் அங்கு எதிர்பார்த்தது பெரிதன்று: உழைப்புக்கு உரிய கூலி, இழிசொல் இல்லாத வாழ்வு, பிள்ளைகளுக்குப் பள்ளி. குமாரலிங்கபுரத்துக்குப் பேருந்தில் வந்து இறங்கப்போகும் ஒடிசா இளைஞரும் பீகார்ப் பெண்ணும் எதிர்பார்ப்பதும் அவ்வளவே. தம் முன்னோருக்குக் கிடைக்க வேண்டும் என்று கருதுவதைத் தம்மிடம் வருவோருக்கு அளிப்பதே அறம். அவ்வறத்துக்குத் தமிழ் இட்ட பெயர் விருந்தோம்பல்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ வெளியூர், வெளிமாநிலம், வெளிநாடு சென்று வாழ்ந்தோரின் பட்டறிவைக் கேட்டறிந்து ஒருபக்க அளவில் எழுதுக.

2. பிற மாநிலத்திலிருந்து வந்து உங்கள் ஊரில் பணியாற்றுவோர்க்குப் பயன்படும் இருபது தமிழ்த் தொடர்களைத் தொகுத்து, வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

3. 'ஆராயாமல் பகிரப்படும் செய்தி' என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.

குறுவினா

1. 'விருந்து' என்னும் சொல்லின் பழம்பொருள் யாது?

2. நாடற்றோர் என்போர் யாவர்?

சிறுவினா

1. மண்டபம் முகாமின் இருவேறு காலப் பயன்பாட்டை விளக்குக.

2. 'கூலியைக் குறைப்பது புதியவரின் வருகையன்று. புதியவரின் பாதுகாப்பின்மை' – இக்கூற்றை நிறுவுக.

நெடுவினா

சிலப்பதிகாரம் காட்டும் மதுரை நிகழ்வையும் 2023ஆம் ஆண்டின் வதந்தியையும் ஒப்பிட்டு, புதியவரைக் காப்பதில் சமூகத்தின் கடமைகளைத் தொகுத்து எழுதுக.